சம்பந்தி சட்டையில் ஒரு வெளிநாட்டுக் கொக்கு

அன்பு டெய்லர்ஸ்,
செங்கம் ரோடு, திருவண்ணாமலை.
செவ்வாய்க்கிழமை, கடையில் ஆள் இல்லாத மத்தியானம்.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி இராமலிங்கம் அவர்களுக்கு,

பெண்ணைப் பெற்ற சக்கரவர்த்தி இரண்டு கையையும் கூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் சம்பந்தியம்மா அருணாதேவி அவர்களும் மாப்பிள்ளை மாறனும் சென்னையில் அண்ணாமலையார் புண்ணியத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நானும் என் வீட்டுக்காரி சந்திரம்மாளும் மகள் கவிநிலாவும் சௌக்கியம் என்றுதான் முறைப்படி எழுத வேண்டும். எழுதினால் அது போலி. இனிமேல் போலியாக எதையும் செய்வதில்லை என்று போன வாரம்தான் ஒரு வக்கீலம்மாவிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆகவே உண்மையையே எழுதுகிறேன். வெட்கத்தில் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. சந்திரம்மாள் மட்டும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள். என்னைத் திட்டுவதற்குத் தெம்பு வேண்டுமாம்.

உங்களுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. சம்பந்தியம்மாவுக்குப் போட்டாலும் அதே கதை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் எடுத்திருக்க மாட்டேன். கடிதம் என்றால் எவ்வளவு கோபக்காரரும் கிழிப்பதற்கு முன்னால் நாலு வரியாவது படிப்பார் என்று நம்பி எழுதுகிறேன். விஷயம், நிச்சயதார்த்தத்தன்று உங்களுக்கு நான் தைத்துக் கொடுத்த சட்டையைப் பற்றியது. அதை இந்த வெள்ளிக்கிழமைக்குள் நான் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. வாங்காவிட்டால் மாப்பிள்ளை வேலைக்கு ஆபத்து. வாங்கினால் கல்யாணத்துக்கு ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும் மூளை கெட்டவன் நான்தான் என்பதால், நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொழிலில் அளவுச் சட்டை என்று ஒன்று உண்டு. பெண்கள் அளவு ஜாக்கெட் கொண்டுவருகிற மாதிரிதான். டேப் பொய் சொல்லும், வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிற ஆளும் பொய் சொல்வான், அளவுச் சட்டை பொய் சொல்லாது. அதை மேசையில் விரித்துப் போட்டு, அதில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் புதுத் துணியில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் நல்ல டெய்லருக்கு அழகு. ஒரு பட்டன் கம்மியானாலும், "அளவு குடுத்தேனே, கண்ணு எங்க போச்சு உனக்கு?" என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். இப்படியே பழகியவனிடம் ஆசிரமத்துப் பக்கம் வருஷா வருஷம் வந்து தங்கும் நிக்கோலா என்கிற வெளிநாட்டுக்காரர் ஒரு சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். எந்த நாடு என்று எழுத இப்போது பயமாக இருக்கிறது, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். காலர் இல்லாத சட்டை, இரண்டு பக்கமும் வெட்டு, உள்ளே ஒரு ரகசியப் பாக்கெட். கழுத்துக்குப் பின்னால் விரல் அகலத்துக்கு ஒரு லேபிள். அதில் ஒற்றைக் காலில் நிற்கும் நீலக் கொக்கு, கொக்குக்குக் கீழே இங்கிலீஷ் மாதிரி இருந்து இங்கிலீஷ் இல்லாத ஒரு பெயர். "சேம் சேம், எவ்ரிதிங் சேம்" என்று அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எவ்ரிதிங் என்றால் கொக்கும் சேர்த்திதானே?

எம்பிராய்டரி மணியிடம் போனேன். அவன் கம்ப்யூட்டர் மிஷினில் கொக்கை அப்படியே இறக்கினான். ஒரே ஒரு லேபிளுக்கு மிஷின் ஓட்டினால் கட்டாது என்று ஒரு ரோல் முழுவதும் போட்டுக் கொடுத்தான். கழுத்தில் வழக்கமாக வைக்கும் "அன்பு டெய்லர்ஸ்" லேபிளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொக்கை நிறுத்தினேன். என் பெயரை நானே எடுத்துவிட்டு இன்னொருவன் பெயரை வைத்ததைத் தன்னடக்கம் என்று அப்போது நினைத்தேன். சட்டத்தில் அதற்கு வேறு பெயராம். நிக்கோலா சட்டையைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். அவரைப் பார்த்து அவர் சிநேகிதர்கள் வந்தார்கள், சிநேகிதர்களைப் பார்த்து யோகா வகுப்பே வந்தது. கொஞ்ச நாளில் செங்கம் ரோட்டுக் காபிக் கடைகளில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் கழுத்தில் கொக்கு நின்றது. ஊர் திரும்பும்போது நிக்கோலா ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போனார். நம்ம ஊர்ச் சரக்கு கடல் தாண்டிப் போகிறது என்று டீக்கடையில் நான் பேசிய பேச்சையெல்லாம் இப்போது நினைத்தால் மிஷினுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இதற்குள் நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆண்களுக்குத் துணி வைப்பது முறை. சந்திரம்மாள் அப்போதே சொன்னாள்: "ஏங்க, கடையில நாலு ரெடிமேட் எடுத்துக் குடுத்துடலாங்க. உங்க வித்தையெல்லாம் சம்பந்தி ஊட்டாண்ட காட்டாதீங்க." நான் கேட்டேனா? டெய்லர் வீட்டுச் சம்பந்திக்குக் கடைச் சட்டையா என்று குதித்தேன். கையில் இருப்பதிலேயே உசத்தியான மாடல் கொக்குச் சட்டைதான். உங்களுக்கு, மாப்பிள்ளைக்கு, போளூரில் இருக்கும் உங்கள் தம்பிக்கு, சித்தப்பா முறைக்காரர்களுக்கு என்று எல்லாருக்கும் அதையே தைத்தேன். உங்களை நிற்கவைத்து டேப் பிடிப்பது மரியாதையில்லை என்பதால், நீங்கள் பெண் பார்க்க வந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே தோள், மார்பு, கை எல்லாவற்றையும் கண்ணாலேயே அளந்துவிட்டேன். இத்தனை வருஷத்துக் கண் சம்பந்தி, ஒரு நூல் பிசகாது. இந்த ஒரு விஷயத்திலாவது என்மேல் குறை இல்லை என்பதுதான் இப்போது எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல்.

அந்தக் கேசரி சாப்பிடும்போதுதான் மாப்பிள்ளைக்கு வக்கீல் ஆபீசில் வேலை என்று சொன்னீர்கள். எந்த மாதிரி வக்கீல் என்று கேட்டதற்கு, "கம்பெனிங்களோட பேரு, லேபிளு இதையெல்லாம் காப்பாத்திக் குடுக்கிற வேலை" என்றீர்கள். லேபிளைக் காப்பாற்ற என்ன இருக்கிறது, அதுபாட்டுக்குக் கழுத்துக்குப் பின்னால் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு, உங்களுக்கு இன்னும் கொஞ்சம் கேசரி வைக்கச் சொன்னேன். ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

நிச்சயம் முடிந்து அடுத்த திங்கட்கிழமை மாப்பிள்ளை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போயிருக்கிறார். மாமனார் தைத்ததாயிற்றே என்று ஆசை. அன்றைக்கென்று பார்த்துக் கொக்குக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா கடல் தாண்டி வந்திருக்கிறார், இந்தியாவில் தங்கள் கொக்கை யார் யாரோ திருடுகிறார்கள் என்று முறையிட. கூட்டத்துக்கு நடுவில் மாப்பிள்ளையைப் பார்த்து, "அட, இது இந்த வருஷத்து மாடலாச்சே, இந்தியாவுக்கே இன்னும் வரலியே, எங்க வாங்கினீங்க?" என்று சந்தோஷமாகக் கேட்டிருக்கிறார். வேறு பையனாக இருந்தால் ஏர்போர்ட்டில் வாங்கினேன் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருப்பான். நம் மாறன் தலையை நிமிர்த்தி, "எங்க மாமனார் தைச்சது" என்றாராம். நீங்கள் பிள்ளையை உண்மை பேச வளர்த்திருக்கிறீர்கள். அந்த வளர்ப்புதான் என்னைக் கவிழ்த்தது. குறையாகச் சொல்லவில்லை, என் மகள் போகும் இடம் நல்ல இடம் என்றுதான் சொல்கிறேன்.

அந்த வாரமே எனக்கு நோட்டீஸ் வந்தது. கொக்குக் கம்பெனி வேலையிலிருந்து மாப்பிள்ளையை ஒதுக்கிவைத்து, விஷயம் முடிகிறவரை லீவில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அதோடு, நான் எதிர்த்தரப்பு ஆகிவிட்டதால் என் வீட்டில் யாரோடும் பேசக் கூடாது என்று கட்டளை. "நானும் எதிர்த்தரப்பாப்பா?" என்று கவிநிலா கேட்டாள். எப்போது பார்த்தாலும் மாடியில் போனும் கையுமாக நிற்கிற பெண், இப்போது போனை அலமாரியில் வைத்துவிட்டு எனக்கு பட்டன் தைத்துக் கொடுக்கிறாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை சம்பந்தி. சொல்லியிருந்தால் தேவலாம்.

மனசு கேட்காமல் பஸ் ஏறிச் சென்னைக்கே போய், மாப்பிள்ளையின் சீனியர் ஹைமவதி அம்மா முன்னால் நின்றேன். மணி போட்டுக் கொடுத்த ரோலில் மிச்சமிருந்ததைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அந்த அம்மா ஒரிஜினல் லேபிள் ஒன்றையும் என்னுடையதில் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதுல உங்களோடது எது?" என்று கேட்டார். தொழில்காரன் வாய் சும்மா இருக்குமா?

"பாத்தாலே தெரியும் மேடம். ஓரம் பிரிஞ்சி நிக்குது பாருங்க, அது அவங்களுது. நம்மளுது பத்து வாட்டி தொவைச்சாலும் சாயம் போவாது. கழுத்துல குத்தாது. பட்டு மாதிரி இருக்கும்."

அவர் அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, "ஐயா, எதிர்த்தரப்பே நமக்கு இவ்ளோ சாட்சி சொல்றது நான் பார்த்ததில்ல" என்றார். நல்ல மனசுக்காரி. கொக்கு அம்மாவிடம் பேசி ஒரு வழி பண்ணியிருக்கிறார். இனிமேல் செய்வதில்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும் (அதை அங்கேயே போட்டுவிட்டேன்), ஊருக்குள் இருக்கும் கொக்குச் சட்டை அத்தனையையும் நானே திரும்ப வாங்கி வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். அப்படிச் செய்தால் கேஸ் இல்லை, மாறனுக்குப் பழையபடி வேலை. "ஒண்ணு கொறைஞ்சா?" என்று கேட்டேன். "கொறையக் கூடாது" என்றார். மாப்பிள்ளை தன் கையால் எதையும் எடுத்துக் கொடுத்தால் அது வேறு தப்பாகுமாம். ஆகவே வீடு வீடாக நானேதான் அலைகிறேன்.

இதற்கு நடுவில் இன்னொரு இடி. நிக்கோலா கொண்டுபோன பையை அவர் ஊர் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது. மறுநாள் டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால், அந்த நாட்டோடு நமக்கு நடக்கும் வர்த்தகப் பேச்சு இழுபறியாம், அறிவுசார் சொத்துரிமை விஷயத்தில் முட்டுக்கட்டையாம். டம்ளர் கையிலிருந்து நழுவிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "இன்னா சக்கரவர்த்தி, டெல்லிக்காரங்களையே மாட்டி வுட்டுட்ட போல?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து டெல்லிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கவிநிலா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்பா, அங்க மருந்து, பாலு, காருன்னு பேசிக்கினு இருப்பாங்க. உன் சொக்காவ யாரு பேசப் போறாங்க?" என்றாள். பேசவில்லை என்றால் "சில சிறிய விஷயங்கள் மட்டும் பாக்கி" என்று எதற்குப் போட்டிருக்கிறான்? என்னைவிடச் சிறிய விஷயம் யார் இருக்கிறார்கள்? நாடு பெயரை எழுதாமல் விட்டதற்கு இதுதான் காரணம். பேச்சு முடிகிறவரை என் வாயால் அதைச் சொல்லிக் கெடுக்க வேண்டாம்.

சட்டை வசூல் பண்ணும் வேலையில் நான் பட்ட மானக்கேட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செங்கம் ரோட்டில் ஒருத்தர் மௌன விரதம். நான் கையைக் காட்டி, கழுத்தைக் காட்டி, கொக்கு மாதிரி ஒற்றைக் காலிலும் நின்று காட்டினேன். அவர் கண்ணை மூடித் தியானித்துவிட்டு, ஏதோ பெரிய உபதேசம் கிடைத்த மாதிரி அங்கேயே சட்டையைக் கழற்றிக் கொடுத்து என் காலிலும் விழுந்துவிட்டார். அதைவிட வெட்கம் எனக்கு வாழ்நாளில் இல்லை. இன்னொருத்தர் சட்டையைக் காவியில் முக்கிவிட்டார், கொக்கும் சந்நியாசம் வாங்கியிருந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன். எல்லாருக்கும் பதிலுக்கு என் சொந்த லேபிள் போட்ட புதுச் சட்டை கொடுத்தேன். போளூரில் உங்கள் தம்பி மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு மெதுவாக, "நிச்சயத்துல வெச்ச துணிய திருப்பிக் குடுத்தா சம்பந்தம் முறிஞ்சிதுன்னு சொல்லுவாங்களே சக்கரவர்த்தி, அப்ப கல்யாணம்?" என்று கேட்டார். அதுவரை அது என் மண்டையில் ஏறவே இல்லை.

இப்போது எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை போட்டுப் போன சட்டை அன்றைக்கே சாட்சியாக ஆபீசில் தங்கிவிட்டது. பாக்கி உங்களிடம் இருப்பது ஒன்றுதான். பிள்ளையின் தகப்பனாரே அந்தத் துணியைத் திருப்பிக் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று சந்திரம்மாள் அழுகிறாள். வேண்டாம் என்று விட்டால் மாப்பிள்ளை வேலை போகும். ஆகவே வெட்கத்தை விட்டு இந்த விண்ணப்பம்: சட்டையைக் கொரியரில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். வியாழக்கிழமை நானே வருகிறேன். வெற்றிலை பாக்கு வைத்துப் புதுச் சட்டையை உங்கள் கையில் கொடுப்பேன். அதை நீங்கள் வாங்கிக்கொண்ட பிறகு பழையதை நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படிச் செய்தால் அது திருப்பிக் கொடுத்தது ஆகாது, மாற்றிக்கொண்டது ஆகும் என்று சந்திரம்மாள் சொல்கிறாள். உங்களுக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் வாசலிலேயே நிற்கிறேன். என் மேல் இருக்கும் கோபத்தை என் பெண் மேல் காட்டிவிடாதீர்கள். உங்களிடம் இருக்கும் கொக்குச் சட்டையில் பட்டன் மட்டும்தான் அவள் தைத்தது. அதைத் தவிர அவளுக்கும் இந்தப் பாவத்துக்கும் சம்பந்தம் இல்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். பேச அனுமதி கிடைத்ததும் மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதத்தைத் தெரிவிக்கவும், அதுவரை மனசோடு வைத்துக்கொள்ளவும். வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி. தீபத்தைப் பார்த்துக் கும்பிடுகிற கையால் உங்களையும் கும்பிடுகிறேன்.

தலை குனிந்து,
சக்கரவர்த்தி

பின்குறிப்பு: புதன்கிழமை சாயங்காலம் எழுதுவது. கவரை ஒட்டி ராத்திரி பஸ்ஸில் கொடுத்தனுப்பப் போகும் சமயத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்த சம்பந்தியம்மா, கையில் ஒரு மஞ்சள் பையோடு இறங்கினார்கள். பைக்குள்ளிருந்து உங்கள் சட்டையை எடுத்துக் கட்டிங் மேசைமேல் வைத்தார்கள். சந்திரம்மாள் "ஐயோ" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கவிநிலா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சம்பந்தியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னா அண்ணா, எல்லாரும் எழவு ஊடு மாதிரி நிக்கிறீங்க? உங்க சம்பந்திக்கு இது அக்குள்ல புடிக்குதாம். கையத் தூக்க முடியல. கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடுங்க, அதான் எடுத்தாந்தேன்."

அப்போ போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"கேஸ் முடியற வரிக்கும் பேசாதீங்கன்னு புள்ள சொல்லிட்டான். அவன் சொன்னா சட்டமாச்சே. பேசக் கூடாதுன்னுதான் சொன்னான், போய்ப் பாக்கக் கூடாதுன்னு சொல்லல."

இவ்வளவையும் பேசிக்கொண்டேதான் சொன்னார்கள்.

சட்டையின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். கொக்கு இல்லை. "அதுவா? கழுத்துல முள்ளு மாதிரி குத்துதுன்னு நிச்சயத்தன்னிக்கே உங்க சம்பந்தி பிளேடால வெட்டிக் குப்பையில போட்டுட்டாரே" என்றார்கள். கவிநிலா அங்கிருந்தே ஹைமவதி அம்மாவுக்குப் போன் போட்டாள். லேபிள் இல்லையென்றால் அது வெறும் சட்டை, எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து மாப்பிள்ளை வேலைக்குப் போகிறார். பெண் மறுபடியும் போனும் கையுமாக மாடியில் நிற்கிறாள்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், வெட்கத்தைத் தவிர. அது எனக்கு வேறு இடத்துக்குத் தேவைப்படுகிறது. கொக்கைத் திருடினேன் என்று சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டேன் சம்பந்தி. லேபிள் குத்துகிறதாம், அக்குள் பிடிக்கிறதாம்! தயவுசெய்து இது செங்கம் ரோட்டுக்குத் தெரிய வேண்டாம். கண்ணளவு இனி இல்லை. கல்யாணச் சட்டைக்கு உங்களுடைய பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொடுத்தனுப்பவும். அதில் லேபிள் இருந்தால் வெட்டிவிட்டு அனுப்பவும்.